விண்ணப்பத்தில் சர்க்கரையை மறைக்கலாமா?

பாலக்கோட்டை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து 24 வயதுப் பெண் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளிவர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், சாரத்தை மட்டும் தருகிறேன்.

பதினோரு வயதில் மயங்கிய நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோதுதான் இவருக்கு முதல் வகை நீரிழிவு இருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொண்டே பொறியியல் முடித்து, ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறார். இப்போது ஜெர்மனியில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, அக்டோபரில் வகுப்பு. தக்காளி விவசாயியான தந்தை கல்விக் கடனுக்குக் கையெழுத்திட்டிருக்கிறார். விசா வேலைகளைப் பார்க்கும் ஏஜென்ட், "காப்பீட்டுப் படிவத்தில் சர்க்கரை என்று எழுதிவிடாதே, விசாவே கிடைக்காது, மாதம் 40 யூரோவில் ஒரு தனியார் பாலிசி இருக்கிறது, அதில் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துவிடலாம்" என்கிறார். அம்மாவோ இரண்டு ஆண்டுக்கான இன்சுலினை இங்கேயே வாங்கிக் கொடுத்தனுப்பிவிட்டால் காப்பீட்டைப் பற்றிய கவலையே இல்லை என்கிறார். லண்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ எல்லாம் இலவசம் என்று மாமா ஒருவர் இடையில் புகுந்து குழப்பியிருக்கிறார். கடிதத்தின் கடைசி வரி இது: "எனக்குச் சர்க்கரை இருப்பது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. காப்பீட்டில் எழுதினால் ஊருக்குத் தெரிந்துவிடுமா, டாக்டர்?"

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்டிருப்பது காப்பீட்டைப் பற்றி; ஆனால் பதின்மூன்று ஆண்டுகளாக ஒரு நோயை மறைத்து வாழ்ந்த பழக்கம்தான் அந்தக் கேள்விக்கு அடியில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். முதலில் உங்கள் ஏஜென்ட் உங்களிடம் சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

நோயைப் பற்றிக் கேட்காத காப்பீடு

ஜெர்மனியில் இரண்டு வகைக் காப்பீடுகள் உண்டு. ஒன்று சட்டப்படி அமைந்த பொதுக் காப்பீடு. அங்கே படிக்கும் நம் பிள்ளைகள் அதை 'பப்ளிக்' என்கிறார்கள். டிகே, ஏஓகே, பார்மர், டிஏகே போன்றவை அதை நடத்துபவை. மற்றது தனியார் காப்பீடு. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குச் சேரும் 30 வயதுக்கு உட்பட்ட மாணவரைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும். உடலில் என்ன நோய் இருக்கிறது என்பதை வைத்து மறுக்கவும் முடியாது, அதற்காகக் கூடுதல் கட்டணம் கேட்கவும் முடியாது. ஏற்கெனவே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலமும் கிடையாது. சேர்ந்த நாளிலிருந்து உங்கள் நீரிழிவுக்கும் அது பொருந்தும். ஆகவே, "மறைக்கலாமா" என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், உங்களுக்கு உரிய காப்பீட்டில் மறைப்பதற்கான கட்டமே இல்லை என்பதுதான். நோயைப் பற்றித் துருவித் துருவிக் கேட்கும் படிவம் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், அந்த பாலிசி உங்களுக்கானது அன்று என்று அந்தப் படிவத்தையே அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பொதுக் காப்பீட்டுக்கு, நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டையும் சேர்த்து, மாணவர் ஒருவர் மாதம் ஏறக்குறைய 150 யூரோ கட்ட வேண்டியிருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் சில யூரோ கூடும், குறையும். ஏஜென்ட் சொன்ன 40 யூரோவுடன் ஒப்பிட்டால் இரண்டு ஆண்டில் சுமார் 2,640 யூரோ வித்தியாசம். யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இரண்டரை லட்ச ரூபாய்க்கும் மேல். தக்காளிக் கூடையைச் சந்தையில் வைத்துவிட்டு விலைக்குக் காத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு இது சிறிய தொகை என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விசாவுக்காக நீங்கள் முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுண்ட்) ஓராண்டுச் செலவுக்கெனக் காட்டும் 11,904 யூரோ, மாதம் 992 யூரோ வீதம் உங்கள் கைக்கே திரும்பி வரப் போகிறது. காப்பீட்டுத் தொகையும் அதிலிருந்து கட்டுவதுதான். அப்பா புதிதாக இன்னொரு கடன் வாங்க வேண்டியதில்லை.

கட்டும் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். மருத்துவர் சீட்டின் பேரில் இன்சுலின் வாங்கும்போது உங்கள் பங்கு, மருந்து விலையில் பத்தில் ஒன்று. அது 5 யூரோவுக்குக் குறையாது, 10 யூரோவைத் தாண்டாது. நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கு இத்தகைய பங்குத் தொகை ஆண்டு வருமானத்தில் 1 சதவீதத்தை எட்டிவிட்டால், மீதி ஆண்டுக்கு விலக்குக் கேட்கலாம். ஊசி முறையில் தீவிர இன்சுலின் சிகிச்சை பெறுபவர்களுக்கு, தோலில் ஒட்டி இடைவிடாமல் சர்க்கரையை அளக்கும் சென்சார் கருவியை, மருத்துவக் காரணம் இருந்தால், 2016 முதலே பொதுக் காப்பீடு ஏற்கிறது. நீங்கள் ஓசூரில் சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்து, மாதத்துக்கு ஒரு சென்சார் மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே அது உங்கள் சிகிச்சையின் ஒரு பகுதி.

திரும்பி வர முடியாத ஒரு கையெழுத்து

இதுதான் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்த இடம். தனியார் பாலிசி எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தில் சேர வேண்டுமானால், "எனக்குப் பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வேண்டும்" என்று ஒரு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். சேர்ந்த முதல் மூன்று மாதங்களுக்குள் கொடுக்கும் அந்த விலக்கு, அந்தப் படிப்பு முடியும்வரை மாறாது. "முதல் ஆண்டு மலிவாக இருக்கட்டும், அப்புறம் பப்ளிக்குக்கு மாறிக்கொள்ளலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி மாற முடியாது. படிப்பு முடிந்து வேலை தேடும் மாதங்களில்கூட, ஏற்கெனவே பொதுக் காப்பீட்டில் இருந்தவருக்குத்தான் தன் விருப்பத்தில் அதைத் தொடரும் வழி எளிதாகத் திறந்திருக்கும்.

சரி, மறைத்து எடுத்த தனியார் பாலிசி உண்மையிலேயே உதவாதா என்று கேட்பீர்கள். காய்ச்சல், பல்வலி என்று போகும்வரை உதவும். ஒரு குளிர்கால இரவில் வாந்தியும் மூச்சிரைப்புமாக, இன்சுலின் போதாமல் ரத்தத்தில் அமிலம் ஏறும் கீட்டோ அசிடோசிஸோடு உங்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வியே "எத்தனை ஆண்டாக இன்சுலின்?" என்பதாகத்தான் இருக்கும். நினைவோடு இருந்தால் நீங்கள் உண்மையைச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் சிகிச்சை பிசகும். நினைவில்லாவிட்டாலும் உங்கள் வயிற்றுத் தோலே சொல்லிவிடும். ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்காக ஊசி போட்டதால் தொப்புளுக்கு இருபுறமும் உள்ள கொழுப்புத் தடிப்பை விரலால் தடவிப் பார்க்கும் எந்த மருத்துவரும் ஒரு நிமிடத்தில் கண்டுகொள்வார். "முதல் வகை நீரிழிவு, பதினோரு வயதிலிருந்து" என்று அவர் எழுதும் அந்த அறிக்கைதான் காப்பீட்டு நிறுவனத்தின் மேசைக்குப் போகும். உண்மையை மறைத்து எடுத்த ஒப்பந்தத்தை ரத்து செய்யவும் கோரிக்கையை மறுக்கவும் நிறுவனத்துக்கு இடமுண்டு. அப்போது முழுச் செலவும் உங்கள் பெயரில் வந்து நிற்கும். ஏஜென்ட் அந்த அறையில் இருக்க மாட்டார்.

ஏஜென்ட் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. பாலிசி விற்றால் அவருக்குக் கமிஷன் வரும் என்பதையும், பொதுக் காப்பீட்டில் உங்களை நீங்களே இணையத்தில் சேர்த்துக்கொள்ள முடியும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், போதும்.

விசாவும் நோயும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜெர்மனியின் மாணவர் விசாவுக்குப் பொதுவாக மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை. கேட்பது சேர்க்கைக் கடிதம், பணத்துக்கான சான்று, காப்பீட்டுச் சான்று போன்றவை. நீரிழிவு இருப்பதால் மாணவர் விசா மறுக்கப்படும் என்பது வெறும் பயமுறுத்தல்.

புறப்படும் நாளுக்கும் சேரும் நாளுக்கும் நடுவே

ஓட்டை இருப்பது இங்கேதான். மாணவருக்கான பொதுக் காப்பீடு நீங்கள் விமானம் ஏறும் நாளில் தொடங்குவதில்லை. கல்விப் பருவம் (செமஸ்டர்) தொடங்கும் நாளிலோ நீங்கள் பதிவு செய்யும் நாளிலோதான் தொடங்கும். குளிர்காலப் பருவம் அக்டோபர் 1இல் தொடங்கும். செப்டம்பர் முதல் வாரமே போய் வீடு தேடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று நான்கு வாரத்துக்குப் பயணக் காப்பீடு எடுக்க வேண்டியிருக்கும். அது விபத்துக்கும் திடீர் நோய்க்குமானது. ஏற்கெனவே உள்ள நோயை இத்தகைய பாலிசிகள் முற்றாக விலக்கும், அல்லது உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும் ஒரு வரம்புவரை ஏற்கும். நம் நாட்டில் 2024 முதல் முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் மூன்று ஆண்டுதான் என்று எங்கோ படித்ததாகச் சொல்கிறீர்கள். அது உள்நாட்டு மருத்துவக் காப்பீட்டுக்கான விதி. அதை வெளிநாட்டுப் பயண பாலிசிக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் கடல் தாண்டி வராது.

எனவே என் யோசனை: பயணத்தைச் செப்டம்பர் கடைசி வாரத்துக்குத் தள்ளுங்கள். பயண பாலிசி எடுக்கும்போது நீரிழிவை எழுதியே எடுங்கள். முன்பே உள்ள நோயால் வரும் அவசர நிலையை எந்தத் தொகைவரை ஏற்பார்கள் என்ற ஷரத்தைப் பாலிசிப் பத்திரத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வாயால் சொல்வது செல்லாது. சேர்க்கைக் கடிதம் கையில் இருக்கும்போதே, ஊரிலிருந்தபடியே பொதுக் காப்பீட்டுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்; நீங்கள் காப்பீடு பெற்றவர் என்ற தகவலை நிறுவனமே மின்னணு முறையில் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும். ஒரு எச்சரிக்கை. பட்டப்படிப்புக்கு முன் மொழிப் பயிற்சிக்காக மட்டும் தனியாகச் செல்பவர்களுக்கு இந்த மாணவர் காப்பீடு கிடைப்பதில்லை. ஏஜென்ட் உங்களை ஆறு மாத ஜெர்மன் வகுப்புக்கு முன்கூட்டியே அனுப்பப் பார்த்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மொழியை இங்கேயே படியுங்கள்.

அம்மாவின் இன்சுலின் பெட்டி

இரண்டு ஆண்டுக்கான இன்சுலினைக் கொண்டுபோக முடியாது. சொந்தப் பயன்பாட்டுக்கான மருந்தைச் சுமார் மூன்று மாதத் தேவை அளவுக்குத்தான் அங்கே அனுமதிக்கிறார்கள். பார்சலில் அனுப்புவதை நினைக்கவே வேண்டாம். அனுமதித்தாலும் எங்கே வைப்பீர்கள்? உங்கள் வீட்டில் மின்சாரம் போகும் நாள்களில் பாட்டி, பெரிய மண்பானையில் ஈர மணலைப் போட்டு, அதற்குள் சிறு பானையை இறக்கி, அதில் இன்சுலினைக் குளிரக் காத்ததாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல முறைதான், குளிர்பெட்டி இல்லாத இடங்களில் மருத்துவர்களே பரிந்துரைப்பது. விடுதியில் ஆறு பேருக்குப் பொதுவான ஃபிரிட்ஜில் உங்கள் இன்சுலின் பின்சுவரில் ஒட்டி உறைந்துபோனால், பார்ப்பதற்கு நல்ல மருந்து போலவே இருக்கும், வேலை செய்யாது. விமானத்தின் சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் வைத்தாலும் உறையும் ஆபத்து உண்டு. என்னிடம் வரும் ஒரு பையன் அப்படித்தான் இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டுவிட்டு, போய் இறங்கிய மூன்றாம் நாள் சர்க்கரை ஏன் 400க்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது என்று நள்ளிரவில் எனக்குப் போன் செய்தான். மூன்று மாத மருந்தும் கைப்பையில்தான், உங்கள் இருக்கைக்கு மேலேதான் வர வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. நீங்கள் இன்னும் குப்பியும் சிவப்பு மூடி சிரிஞ்சுமாகத்தான் இருக்கிறீர்கள். நம் ஊர்க் குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட். அங்கே உங்களுக்குக் கிடைக்கப் போவது பெரும்பாலும் 100 யூனிட் வகை. அதை இந்தச் சிவப்பு மூடி சிரிஞ்சில் '20' என்ற கோடுவரை இழுத்தால், உடம்புக்குள் போவது 50 யூனிட், இரண்டரை மடங்கு. தனி அறையில் படுத்தவர் காலையில் எழுந்திருக்காமல் போவதற்கு அது போதும். ஆகவே ஜூன் மாதத்துக்குள் இன்சுலின் பேனாவுக்கு மாறிவிடுங்கள். பேனா இங்கும் அங்கும் பெரும்பாலும் 100தான், இந்தக் குழப்பமில்லை. காலை இரவு என்று இரண்டு வேளை கலவை இன்சுலின் போடுவதற்குப் பதிலாக, நாளுக்கு ஒரு முறை நீண்டநேர இன்சுலினும் சாப்பாட்டுக்கு முன் விரைவு இன்சுலினும் என்ற முறைக்கும் உங்கள் மருத்துவரின் கண்காணிப்பில் இங்கேயே மாறிப் பழகுங்கள். மதியம் களி உருண்டை இரண்டு என்று உங்கள் உடல் கணக்கு வைத்திருக்கிறது. அங்கே ஒரு நாள் ரொட்டி, ஒரு நாள் உருளைக்கிழங்கு, ஒரு நாள் ஒன்றுமே இல்லை. அதற்குக் கலவை இன்சுலின் ஈடுகொடுக்காது.

மாமா சொன்ன நாடுகள்

மாமா சொல்வதில் பாதி சரி. பிரிட்டனில் மாணவர்கள் ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணத்தை விசாவுடன் முன்கூட்டியே மொத்தமாகக் கட்டிவிட்டால், அரசு மருத்துவ சேவையை முன்பே உள்ள நோய்க்கும் பயன்படுத்தலாம். இங்கிலாந்தில் இன்சுலின் போடுபவர்கள் விலக்குச் சான்று பெற்றுவிட்டால் மருந்துச் சீட்டுக் கட்டணமும் இல்லை. இலவசம் என்பதைவிட, முன்பணம் கட்டிய சேவை என்பது பொருந்தும். ஆஸ்திரேலியாவின் கட்டாய மாணவர் காப்பீடு அப்படி அன்று. முன்பே உள்ள நோய்க்கு 12 மாதம்வரை காத்திருப்பு உண்டு, மருந்துக்கு ஆண்டு வரம்பும் உண்டு. முதல் ஆண்டு இன்சுலின் செலவைக் கையிலிருந்து போட வேண்டியிருக்கலாம். கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும். ஒண்டாரியோவில் பல்கலைக்கழகங்கள் எடுத்துத் தரும் அடிப்படைக் காப்பீடு மருத்துவரையும் மருத்துவமனையையும் பார்க்கும், மருந்துக் கடையைப் பார்க்காது. அமெரிக்காவில் பல்கலைக்கழகமே நடத்தும் காப்பீடு பெரும்பாலும் முன்பே உள்ள நோயை விலக்காது. வெளியே மலிவாக விற்கும் பயண வகைப் பாலிசிகள் விலக்கும். இடம் கிடைத்த நாட்டைக் காப்பீட்டுக்காக மாற்ற வேண்டிய நிலையில் நீங்கள் இல்லை. நீரிழிவோடு படிக்கப் போகிறவருக்கு ஜெர்மனி நல்ல தேர்வுதான்.

ஊருக்குத் தெரியுமா

தெரியாது. காப்பீட்டு நிறுவனமோ அங்குள்ள மருத்துவரோ உங்கள் அனுமதியின்றி உங்கள் நோயை வீட்டுக்குக்கூடத் தெரிவிக்க மாட்டார்கள். பாலக்கோட்டுத் தபால்காரரிடம் எந்தக் காகிதமும் வராது. உங்கள் திருமணத்தைப் பற்றி அம்மாவுக்கு இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது. தருமபுரியில் உட்கார்ந்து இத்தனை ஆண்டு இதே பயத்தைப் பல தாய்மார்களின் கண்ணில் பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் நீரிழிவு புதிதும் அன்று. மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொண்டுவரும் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்டதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அறுபது வயதுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து கூச்சமின்றி வாங்கிக்கொள்ளும் மாத்திரைக்கும், இருபது வயதுப் பெண் குளியலறைக்குள் நின்று போடும் ஊசிக்கும் நடுவே நம் ஊர் வைத்திருக்கும் தூரம்தான் உங்கள் பிரச்சினை.

கல்லூரி விடுதியில் நான்கு ஆண்டு அறைத்தோழிகளுக்குத் தெரியாமல் ஊசி போட்டீர்கள். அங்கேயும் அப்படியே இருக்கலாம் என்றுதான் நினைத்திருப்பீர்கள். தெருவுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வகுப்புக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பக்கத்து அறையில் இருக்கும் ஒருவருக்குக் கட்டாயம் சொல்லுங்கள்: வியர்த்து உளறினால் வாயில் சர்க்கரை கொடுக்க வேண்டும், நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் அங்குள்ள அவசர எண்ணான 112க்கு அழைக்க வேண்டும். எவ்வளவு நல்ல காப்பீடானாலும் யாராவது ஒருவர் போனை எடுத்த பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும்.

புறப்படும் முன் உங்கள் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். எந்த ஆண்டு கண்டறியப்பட்டது, மருந்துகளின் வேதிப்பெயரும் அளவும், மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையின் கடைசி முடிவு, கண் மற்றும் சிறுநீரகப் பரிசோதனை முடிவுகள், ஊசியும் பேனாவும் சென்சாரும் உடன் எடுத்துச் செல்ல வேண்டிய அவசியம் ஆகியவை அதில் இருக்கட்டும். பெங்களூரு விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் அந்தக் கடிதம்தான் பேசும். அங்கே நீரிழிவு மருத்துவரைப் பார்க்க முதல் சந்திப்பு நேரம் கிடைக்கச் சில வாரம் ஆகலாம் என்பதால், போய் இறங்கிய முதல் வாரமே பொது மருத்துவர் ஒருவரிடம் அதைக் காட்டி முதல் மருந்துச் சீட்டை வாங்கிவிடுங்கள். பேனாவுக்கு மாறிய அன்றே வீட்டில் மிச்சமிருக்கும் சிவப்பு மூடி சிரிஞ்சுகளை எல்லாம் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். பழக்கத்தில் ஒன்றிரண்டு உங்கள் கைப்பையில் ஏறிவிடக் கூடாது.